எபோவுக்கு வந்த நாற்காலி

சக்கர நாற்காலியின் வாரை நோ முவே இறுக்கிக் கட்டினாள். சிறுமியின் பாதங்கள் கால்பலகையில் சரியாகப் படிந்தன.

"பயப்படாத கண்ணு. சும்மா சாஞ்சுக்க. கொரியாவுல இருந்து ஒரு அத்தை பாக்கப் போறாங்க."

தாய்லாந்து எல்லையோர அகதி முகாமில், ஆலயம் இருக்கும் மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். போதகர் கைபேசியை உயர்த்திப் பிடித்தார். பக்கத்து வீட்டு நோ தீ, படத்தில் விழாமல் மூங்கில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

திரையில் ஹேசூக் வந்தார். பக்கத்தில் சா லூ. இதே முகாமில் வளர்ந்தவன். இப்போது கொரியாவில் தொழிற்சாலை வேலை. ஹேசூக்கின் சபைதான் அவனுக்கும் சபை. இரண்டு பக்கத்துப் பேச்சையும் மொழிபெயர்ப்பது அவன்தான்.

நாற்காலி ஹேசூக்கின் மகன் தோயுனுடையது.

தோயுனுக்கும் நோ முவேயின் மகள் எபோவுக்கும் ஒரே நோய். தசைகள் தளர்ந்துகொண்டே போகும். இரண்டு சபைகளும் இரண்டு பிள்ளைகளுக்காகவும் சேர்ந்து ஜெபித்தன. அங்கிருந்து மருந்து வந்தது. இங்கிருந்து நோ முவே நெய்த சிவப்புச் சட்டை போனது.

போன கோடையில் தோயுன் இறந்தான். அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள்.

நாற்காலியை எபோவுக்கு அனுப்பிய ஹேசூக், பதிலுக்கு ஒன்றுதான் கேட்டிருந்தார். எபோ அதில் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். இத்தனை காலம் ஜெபத்தில் சொன்ன பெயருக்கு இன்றுதான் ஒரு முகம்.

சிறுமி கையசைத்தாள்.

ஹேசூக் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு திரையைத் தொட்டபடி ஏதோ கேட்டார்.

சா லூ மொழிபெயர்க்கவில்லை. சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தான். எபோவை முதுகில் சுமந்து எத்தனையோ ஞாயிறு இந்த மேட்டில் ஏறியவன் அவன்.

"அக்கா," என்றான் ஹேசூக்குக்குப் புரியாத தங்கள் கரேன் மொழியில், குரலைத் தாழ்த்தி. "இது நோ தீ அக்கா பொண்ணுல்ல? நம்ம எபோ எங்க?"

நோ முவே சிரித்த முகத்தை மாற்றவில்லை.

"நாற்காலி வந்து சேர்றதுக்குள்ள போயிட்டாடா தம்பி. இந்தப் பிள்ளைக்கும் நடக்க வராது. இதுக்கே இருக்கட்டும். அந்தம்மாட்ட இன்னொரு நாள் நானே சொல்லிக்கிறேன். இன்னிக்கு வேணாம். பிள்ளையப் பொதச்ச ஈரம் இன்னும் காயல அவங்களுக்கு. நீ அழுது காட்டிக் குடுத்துராத. என்ன கேட்டாங்க, அதச் சொல்லு."

சா லூ குரலை உயர்த்தினான்.

"எபோவுக்கு முதுகு வலிக்குதான்னு கேக்குறாங்க."

நோ முவே திரையில் தெரிந்த அந்தத் தாயைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"இல்லன்னு சொல்லு. எபோவுக்கு இப்ப எங்கயுமே வலி இல்லன்னு சொல்லு."