அவிழ்ந்த கூந்தல்

பொங்கல் வாரக் கொண்டாட்டமென்று அந்த ஓட்டலில் நீச்சல் குளத்தருகே தெருக்கூத்து வைத்திருந்தார்கள். துச்சாதனன் இழுத்ததில் கூந்தல் அவிழ்ந்து, பாஞ்சாலி சபதம் போட்ட இடத்திலேயே, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று மேலாளர் ரோஷன் மைக்கை வாங்கி நன்றி சொல்லிவிட்டார். விருந்தினர் கைதட்டிவிட்டு பஃபேக்குப் போனார்கள். துச்சாதனன் வேடம் கட்டிய சம்பந்தமும் கிரீடத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டை எடுத்தார். பாஞ்சாலி வேடம் கட்டிய தணிகாசலம் மட்டும் விரித்த தலையோடு லாபிக்கு வந்து, நடு சோபாவில் உட்கார்ந்தார்.

“வேஷத்தைக் கலைச்சிட்டுச் சாப்பிடப் போங்க” என்றார் ரோஷன்.

“அவன் இன்னும் சாவல சார். அவன் ரத்தத்தத் தொட்டுத்தான் இந்தத் தலைய முடியணும். சபதம் போட்டுட்டன்.”

“விக்குதானே, கழட்டி வைங்க.”

தணிகாசலம் கூந்தலை இன்னும் விரித்துவிட்டுக்கொண்டார். அப்போதுதான் வந்திறங்கிய ஒரு குடும்பம், பெட்டிகளோடு வாசலிலேயே நின்றுவிட்டது. ரோஷன் காவலாளியைக் கூப்பிட்டு, இவரை வெளியே கொண்டுபோகச் சொன்னார். காவலாளி கிட்டே வந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

பஃபே பக்கமிருந்து சம்பந்தம் வந்தார். பாதி தின்ற குலோப்ஜாமூனை வரவேற்பு மேசைமேல் வைத்துவிட்டு, கிரீடத்தைத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

“பீமன் கை கழுவிட்டு வரான்” என்றார். “இந்த டீப்பாயெல்லாம் ஓரமா நகத்துங்க சார். நான் விழ எடம் வேணும்.”