மூன்றாவது பள்ளம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வரும் கார்ட்டூனில் டமால் அணில் என்று ஒன்று உண்டு. அதை வைத்து ஒரு டிவி கேமும் வந்தது. கேசட்டின் மேல் ஒட்டிய படத்தில் அந்த அணில் புசுபுசு வாலோடு ராஜா மாதிரி நின்றது. கேசட்டுக்குள் இருந்த அணிலோ வெறும் சதுரங்களால் ஆனது. வாலுக்கு மொத்தமே நாலு சதுரம்தான்.

"உன்னை அணில்னு யாராவது ஒத்துக்குவாங்களா?" என்று படத்து அணில் தினமும் கேட்கும்.

"ஓடுறது நான்தானே," என்று சதுர அணில் சொல்லும்.

அன்று சிறுமி மங்கை தன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கேசட்டைத் தூசி போக ஊதி கேம் பெட்டியில் செருகினாள். மூன்றாவது பள்ளத்தில் அணில் விழுந்தது. மறுபடி ஓடியது, மறுபடி விழுந்தது.

"இந்த அணிலுக்குக் குதிக்கவே தெரியலக்கா. இன்னைக்கும் தாண்டலைன்னா இதைக் கொடுத்துட்டு கார் ரேஸ் கேசட் வாங்கிடுவேன்," என்றாள் மங்கை.

படத்து அணில் பதறியது. "டேய், உன்னோட சேர்ந்து நானும்தான் போகணும். குதிச்சுத் தொலைடா!"

"அவ பட்டனை லேட்டா அழுத்தினா நான் என்ன பண்றது?"

ஒன்பதாவது தடவை மங்கை சரியான நேரத்தில் அழுத்தினாள். அணில் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது.

"அக்கா, நான் தாண்டிட்டேன்!" என்று மங்கை கத்தினாள்.

படத்து அணிலுக்குப் பொறுக்கவில்லை. "கேட்டியாடா? விழுந்தப்போ எல்லாம் நீ. தாண்டினது மட்டும் அவளாம்!"

சதுர அணில் ஓடிக்கொண்டே சொன்னது: "விடு. அதோ அடுத்த பள்ளம் வருது. என் பேரு திரும்பி வந்துடும்."