தேடியும் இல்லை

"நம்ம பகுதி இதுல வெள்ளை நிறம்மா. உண்ணிக் காய்ச்சல் இங்க கிடையாது" என்றார் டாக்டர், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே.

அக்காவுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. கையிலிருந்த சின்னக் குப்பியை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள். உள்ளே ஓர் உண்ணி. தம்பியின் காதுக்குப் பின்னாலிருந்து அவளே இடுக்கியால் பிடுங்கியது.

"வேற எங்கயாவது போன இடத்துல ஒட்டியிருக்கும்."

எங்கே போனான்? தம்பிக்கு மைதானத்தில் புல் வெட்டும் வேலை. வீட்டில் அவனுக்குப் பெயரே வெட்டுக்கிளி. ஆறு மாதமாக ஊர் எல்லையைத் தாண்டவில்லை. எட்டு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. இன்று காலை அக்காவையே யார் என்று கேட்டான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த மனுஷனோ ஏட்டைக் காட்டி, கொடியில் தொங்குகிற காயையே இல்லை என்கிறார். அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

எழுந்து வரைபடத்தருகே போனாள். மூலையில் பொடி எழுத்து. சிவப்பு: உண்ணி உண்டு. சாம்பல்: இன்னும் தேடவில்லை. வெள்ளை: தேடியும் இல்லை.

"மூணு வருஷமா மாசாமாசம் தேடியிருக்காங்கம்மா. அதெல்லாம் பொய்யா?"

கதவுக்கு வெளியே, பெஞ்சில் தம்பியின் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொள்வது கேட்டது.

"பொய்தான் சார். எழுதினது நான். முதல்ல மருந்தைக் குடுங்க."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை இழுத்தார்.

அவள் வேலை பார்க்கும் கால்நடை அலுவலகத்தில், அவளுடைய பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. புல்மேல் இழுத்துப் போய், ஒட்டிக்கொள்ளும் உண்ணிகளை எண்ணுவதற்காகக் கொடுத்தது. வந்த உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வெயிலில் மைதானத்துக்கு யார் போவது?

மாதக் கடைசியில் சாப்பாடு போடும்போது வெட்டுக்கிளியைக் கேட்பாள், உண்ணி ஏதும் கண்ணில் பட்டதாடா என்று.

ஒன்றும் இல்லைக்கா என்பான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளும் அதையே எழுதி அனுப்பிவிடுவாள்.