பனியக்காவுக்கு ஒரு பரீட்சை

“உதடு வெடிக்கும்னு சொன்னியேம்மா, ஊருக்குத் திரும்பி வந்தப்புறம் அது எத்தனை நாளைக்கு இருக்கும்?”

டீச்சரம்மா நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். பனியக்காவுக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது.

வெளிநாடு போகிறவர்களுக்குக் குளிர் உடுப்பை வாடகைக்கு விடும் கடை அது. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் முதலாளியின் தலைக்கு மேல்.

குளிர்நாட்டில் ஒரு வீட்டில் இரண்டு வருஷம் குழந்தையைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லித்தான் அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி பூரித்துப்போய், ‘பனியில் வாழ்ந்தவரின் நேரடி ஆலோசனை’ என்று வாசலில் பலகையே மாட்டிவிட்டார். பனியக்கா என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவள் பார்த்த பனி, வீட்டு ஃபிரிட்ஜில் உறைந்துபோய் ஐஸ் தட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுமே, அது மட்டும்தான். மற்றதெல்லாம் திரும்பி வரும் கோட்டுப் பைகளில் கிடைக்கும் துண்டுச்சீட்டுகளும், கோட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் அளக்கிற கதைகளும் தந்த ஞானம்.

போன மாதம் ஒருவர் வந்து, “உங்க பனியக்கா பேச்சைக் கேட்டு வெறும் பருத்தி பனியனைப் போட்டுட்டுப் போயி, நடுங்கியே செத்தேன்யா!” என்று கத்திவிட்டுப் போனார். “இன்னொரு தடவை இப்படி யாராவது வந்தா, பலகையோட சேர்த்து உன்னையும் கழட்டிடுவேன்” என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார்.

“ஒரு வாரம் இருக்கும் டீச்சர்” என்றாள் குத்துமதிப்பாக.

“ஒரு வாரம்” என்று எழுதிக்கொண்டார். “மேல் உதடா, கீழ் உதடா?”

“கீ... கீழ் உதடு.”

பக்கத்தில் தொப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த டீச்சரம்மாவின் நாத்தனார் சிரித்தாள். “அண்ணி, நீங்க ஊர் சுத்திப் பார்க்கப் போறீங்களா, கேள்வித்தாள் எடுக்கப் போறீங்களா?”

பேச்சைத் திசை திருப்பினால் தப்பிக்கலாம் என்று பனியக்கா ஒரு கோட்டை எடுத்து டீச்சரம்மாவுக்கு மாட்டிவிட்டாள். கை விரல் நுனிவரை மூடிக்கொண்டது.

“ஒரு அளவு சின்னதா தரட்டுமா டீச்சர்? இதுல காத்து உள்ளே புகுந்துடும்.”

“புகுந்தா புகுந்துட்டுப் போகுது. குளிர்ல நடந்தா குரல் கம்முமா? எந்த நாள்லேருந்து கம்மும்?”

பனியக்கா கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டபடி யோசித்தாள். குளிருக்குப் பயந்து கேட்கிற ஆளாகத் தெரியவில்லையே! இவர் பத்து தடவை போய்வந்தவராக இருக்க வேண்டும். போன மாதம் கத்திவிட்டுப் போன பனியன்காரர்தான் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் போல.

“இந்த மாசம் அங்கே ஈ, காக்கா இருக்காதே டீச்சர். சீசன்ல போகலாமே?” என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தாள்.

“அதுக்குத்தாம்மா இப்பப் போறேன். சீசன்ல போனா அங்கேயும் தெரிஞ்ச மூஞ்சியா இருக்கும்.”

“எங்க அண்ணிக்கு மனுஷ வாடையே ஆகாது!” என்றாள் நாத்தனார்.

“நீ போய் ஆட்டோ பாரு தாயே” என்று அவளை அனுப்பிவிட்டு, டீச்சரம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். “கடைசிக் கேள்வி. பனி விழும்போது சத்தம் கேக்குமா?”

பனியக்கா கோட்டின் காலரை நீவிவிட்டாள். எந்தத் துண்டுச்சீட்டிலும் இது இல்லை. எவரும் இதை அளந்ததும் இல்லை. முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“சொல்லேம்மா, ரெண்டு வருஷம் அதுலயே கிடந்தவதானே!”

நல்லவேளை, அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

“என்னம்மா, மறந்துபோச்சா?” என்றார் டீச்சரம்மா.

அதற்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை. “டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் பனியைப் பார்த்ததே கிடையாது. நாலு பேர் சொன்னதை வெச்சு இத்தனை நாள் காலத்தை ஓட்டிட்டேன். முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்.”

டீச்சரம்மா பேனாவை மூடினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

“என்ன டீச்சர், எல்லாம் சரியாச் சொன்னாளா?”

பனியக்கா கோட்டு வரிசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இவங்களை மாதிரி பனியைக் கரைச்சுக் குடிச்சவங்களை நான் பார்த்ததே இல்லைங்க” என்றார் டீச்சரம்மா. “இந்தக் கோட்டையே கட்டிடுங்க. எங்க ஸ்கூல்ல இன்னும் ரெண்டு பேரை அனுப்பி வைக்கிறேன்.”

முதலாளி வாயெல்லாம் பல்லாகப் பை எடுக்க உள்ளே ஓடினார். பனியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏன் டீச்சர் காப்பாத்தினீங்க? நான் சொன்னதை நம்பி அந்தக் குளிர்ல போய் நீங்க கஷ்டப்படப் போறீங்களே!”

டீச்சரம்மா வாசலை ஒரு பார்வை பார்த்தார். நாத்தனார் ஆட்டோக்காரரிடம் மும்முரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து பனியக்காவின் காதருகே வந்தார்.

“வீட்டுல பதினோரு பேருக்கு வடிச்சுக் கொட்டிட்டுத்தான் தினமும் ஸ்கூலுக்கு ஓடுறேன். அடுத்த தெருவுல என் தோழியோட வீடு காலியா இருக்கு. குளிர்நாட்டுக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு, பத்து நாளும் அங்கே கதவைச் சாத்திக்கிட்டு நல்லாத் தூங்கப் போறேன்டி!”