அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

தர்மிளா கொட்டிய சாக்கிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் போத்தலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார் மேற்பார்வையாளர் ஸ்ரனிஸ்லஸ். அடியில் சிவப்புப் பொட்டு இருந்தது.

"பிடிபட்டாய், பிள்ளை! சந்தைக் குப்பைத் தொட்டியில கிடந்த போத்தலுகளுக்கு நேற்று நான்தான் நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸால பொட்டு வைச்சனான். களப்புக் கரையில பொறுக்கினாத்தான் சம்பளம். தொட்டியில அள்ளினா வேலை இல்லை."

"சத்தியமாக் கரையிலதான் பொறுக்கினனான், ஐயா."

"அப்ப தொட்டிப் போத்தல் நடந்தோ வந்தது?"

கூடப் பொறுக்கும் மற்றப் பெண்கள் சிரித்தார்கள். தர்மிளாவின் வீட்டில் இந்த வேலையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

"நான் வாயால சொல்லமாட்டன். வந்து பாருங்கோ, ஐயா."

"வாறன். கள்ளர் ஆரெண்டாலும் இண்டைக்குப் பொலிஸில குடுப்பன். எல்லாரும் வாங்கோ!"

கண்டல் பற்றைக்குப் பின்னால், குப்பை ட்ரக்டர் பெட்டியைச் சரித்துச் சந்தைக் குப்பையைக் களப்புத் தண்ணீருக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. உருண்டு விழுந்த போத்தல்களின் அடியில் சிவப்புப் பொட்டுகள்.

"ஆரடா அது? இறங்கடா!"

சாரதி திரும்பினான். ஸ்ரனிஸ்லஸின் மகன்.

"ஏனப்பா கத்துறியள்? குப்பை மேட்டுக்குப் போகாட்டி டீசல் மிச்சம். அதை வித்துத்தானே உங்களுக்குப் போன் வாங்கித் தந்தனான்."

இப்போது பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரனிஸ்லஸின் கையிலிருந்த புதுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எடுங்கோ, ஐயா, பொலிஸுக்கு" என்றாள் தர்மிளா.