மலைப்பக்க ஜன்னல்

"உயிரோட இருக்கார்னு ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும் மாமா. எத்தனை வருஷம்னாலும் காத்துக்கிட்டு இருப்பேன்."

"இருந்தா, இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது வாசலை மிதிச்சிருக்க மாட்டானாம்மா?"

"அதைத்தான் நானும் எனக்குள்ள சொல்லிக்கிறேன். ஆனா நான் இன்னொருத்தர் கையைப் பிடிச்ச பிறகு அவர் வந்து நின்னா? எல்லார் பொழப்பும் சந்தி சிரிச்சுப் போகுமே மாமா."

காலையில் பெரியவரின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே மருமகள் பேசிய பேச்சு இது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு சொட்டைக்கூடக் கன்னத்தில் வழியவிட மாட்டாள். இன்று வழிந்தது. அது மருந்துதானா என்று அவள் கேட்கவில்லை.

"வருஷா வருஷம் போற கடல்தானே. போயிட்டு வந்து முடிவாச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பெரியவர் இந்தச் சுற்றுலா பஸ்ஸில் ஏறியிருந்தார்.

பஸ் முழுக்கத் தேனிலவு ஜோடிகளும் குடும்பம் குட்டிகளும். தனியாக வந்தவர் அவர் ஒருவர்தான். இடப்பக்கம் கடல் கூடவே ஓடிவந்தது. வலப்பக்கம் மொட்டைப் பாறை மலை. அவர் உட்கார்ந்திருந்தது வலப்பக்க ஜன்னலோரம்.

"சார், கடல் பக்கம் ஒரு சீட் காலியா இருக்கு. மாறிக்கிறீங்களா?" என்றாள் மைக் பிடித்திருந்த வழிகாட்டிப் பெண்.

"வேண்டாம்மா. எனக்கு இதுவே போதும்."

எதிர் வரிசை அம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கடல் பார்க்கக் காசு கட்டிட்டு மலையைப் பார்த்துக்கிட்டு வர்றீங்களே அண்ணே! விருந்துக்குக் கூப்பிட்டா வாசனை மட்டும் பிடிச்சுட்டுப் போயிடுவீங்க போல!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். "என் பையனோட சட்டையும் செருப்பும் இந்தக் கரையிலதாம்மா கிடைச்சுது. பாறை மேல மடிச்சு வச்சிருந்தது."

சிரிப்பு பட்டென்று நின்றது. "பையன்?"

"கிடைக்கலை."

"ஐயோ, என் நாக்குல சனி. மனசுல வச்சுக்காதீங்க அண்ணே" என்று அந்த அம்மாள் ஓர் ஆரஞ்சை உரித்து அவர் கையில் திணித்தாள். அவர் அதைச் சாப்பிடாமல் வைத்திருந்தார்.

செல்போன் அடித்தது. மருமகள்தான்.

"மாத்திரை போட்டீங்களா மாமா?"

"போட்டாச்சும்மா."

"அவர் சாயங்காலம் கடைக்கு வர்றாராம்." மருந்து வேன் ஓட்டிவரும் அந்த மனிதரைத்தான் சொன்னாள். இரண்டு வருஷமாக அவள் பதிலுக்காகப் பொறுமையாக இருப்பவர். "நாளையிலேருந்து அவருக்கு வேற ரூட்டாம். இன்னிக்குப் பதில் சொல்லிடுன்னு கேக்கறார். உங்க வாயால சரின்னு வராம நான் எதுவும் சொல்ல மாட்டேன் மாமா."

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேம்மா."

மதியம் பஸ் கடல் முனையில் நின்றது. உப்புக் காற்றில் ஜன்னல் கண்ணாடிகள் மோர் ஊற்றினாற்போல் மங்கிக் கிடந்தன. அங்கேதான் எல்லாச் சுற்றுலா பஸ்ஸுக்கும் கண்ணாடி கழுவுவது வழக்கம். எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு பாறைப் பக்கம் ஓடினார்கள்.

வழிகாட்டிப் பெண் மட்டும் திரும்பி வந்து குனிந்தாள். "சார், பையனுக்குப் பூ ஏதாவது போடணும்னா கீழே இறங்கப் படி இருக்கு. நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"நல்லா இரும்மா. நீ போ, நான் இங்கேயே இருக்கேன்."

நாலு வருஷமாக இங்கே வருகிறார். இந்த இடம் வந்ததும் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிடுவார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். 'வீட்டுக்கு வந்துடுடா' என்ற வார்த்தை ஒவ்வொரு தடவையும் தொண்டைக்குழி வரை வரும், மென்று விழுங்கிவிடுவார். பஸ் கிளம்பிவிடும்.

இந்தத் தடவை கைக்குட்டையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

கடல் பக்கத்துக் கண்ணாடிகளை முடித்துவிட்டு, கழுவுகிறவன் வாளியோடு பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்தான். தொப்பியைப் புருவம் வரை இறக்கியிருந்தான். மலையடிவாரத்து டீக்கடையிலிருந்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அந்தக் கோடியில ஒரு ஜன்னல் விட்டுப்போச்சு பாருங்க!"

"வரேன், வரேன். என்னைப் பெத்தவங்க என்ன பத்துக் கையோடவா பெத்தாங்க?"

குழந்தை கைதட்டிச் சிரித்தது. பெரியவர் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஜன்னலில் சோப்புத் தண்ணீர் சளேரென்று விழுந்தது. நுரை வழிந்து எல்லாம் வெள்ளையாயிற்று. ரப்பர் பட்டை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இறங்கியது. துடைத்த இடத்தில் அவர் முகம் தெரிந்தது.

வெளியே அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது.

பெரியவர் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். நுரை சட்டைக் கையில் வழிந்தது; அதை அவர் துடைக்கவில்லை. தொப்பிக்குக் கீழே உதடுகள் ஏதோ சொல்லத் திறந்தன. வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

டீக்கடைப் பக்கம் கேட்காத குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"அவ வாழட்டும்டா... நீ செத்தவனாவே இருந்துடு."