எழும்பாத ராசா

கிளிநொச்சியில், நவ்பரின் தேநீர்க்கடையில், வீரம்மாவின் தொண்ணூறு நிமிட நிம்மதிக்கு விலை ஒரு பிளேன்ரீ. அதை ஆறவிட்டுக்கொண்டே, இந்திய லீக்கில் சென்னையில் நடக்கும் உதைபந்தாட்டம் ஒவ்வொன்றையும் கடைத் தொலைக்காட்சியில் பார்த்துவிடுவாள். கோல் விழுந்தால் அசையமாட்டாள். ஆள் விழுந்தால் கதிரை நுனிக்கு வந்துவிடுவாள்.

அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். முடிய ஐந்து நிமிடம் இருக்க, ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

"எழும்பாத ராசா, அப்பிடியே கிட," என்றாள் வீரம்மா.

நவ்பருக்குப் பொறுக்கவில்லை. "நெஞ்சென்ன கல்லே அக்கா? அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளை!"

திரையில் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். முதுகுதான் தெரிந்தது.

"தூக்கப் போறவனும் அப்பிடித்தான் தம்பி. பின்னுக்கு, இடப்பக்கம், என்ர சுமன். என்னோட கோவிச்சுக்கொண்டு வள்ளத்தில இந்தியாவுக்குப் போனவன். நாலு வருசமாக் கதையில்லை. ஆரும் விழுந்தாத்தான் அவனைக் காணலாம்."

விழுந்தவன் கையூன்றி எழப் பார்த்தான்.

"டேய், எழும்பாதடா!" என்று கத்தினான் நவ்பர்.

அவன் எழுந்து நொண்டிக்கொண்டு நடந்தான். ஸ்ட்ரெச்சர் வெறுமையாகத் திரும்பியது.

வீரம்மா ஆறிய தேநீரைக் குடித்து முடித்தாள். "பன்னிரண்டு ஆட்டம். விழுந்தது அஞ்சு பேர். நாலு தரம் முதுகு, ஒருக்காப் பாதி முகம். மிச்சப் பாதி அடுத்த வருசம்."